சாட்சி சொல்ல ஆண்கள் வருவார்களா?

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரங்களில் விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறும் பெண்களில் கணிசமானோர் நம் காலனிகளைச் சேர்ந்தவர்கள். தம்பியின் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் மருந்துச் செலவு, சுயஉதவிக் குழுத் தவணை எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கின்றன. ஆலைக்குள் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று கேட்கும் ஆண்கள் குறைவு.

2021 ஜனவரியில் இம்மாவட்ட ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண் மாதக்கணக்கில் தொல்லைக்கு ஆளாகிவந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்தவர்களும் பின்னர் சொன்னார்கள். அப்படியானால் பலருக்கும் தெரிந்தேதான் அது நடந்திருக்கிறது.

தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் அதன்பின் ஓயாமல் போராடியது. அதன் விளைவாக 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹெச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டது. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆலைக்குள் சங்கப் பிரதிநிதிகள் நியமிக்கப்பட்டார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது நிபந்தனையானது. முதல் ஆண்டில் 185 குறைகள் வந்து 182 தீர்ந்தன. தொழிலாளர்களோடு சூப்பர்வைசர்களும் மேலதிகாரிகளும் பயிற்சிக்கு உட்கார வேண்டும் என்பதை நாம் முக்கியமாகப் பார்க்கிறோம். தொல்லை என்றால் என்ன என்று பெண்களுக்குப் பாடம் எடுத்து எதற்கு? அவர்களுக்கு அது தெரியும்.

கூட வேலை பார்க்கும் ஆண் ஏன் பேசுவதில்லை? பெரும்பாலும் பயம்தான். அவரும் ஒப்பந்தக் கூலி, அவரையும் சாதி சொல்லித் திட்டுகிறார்கள், நாளை வேலைக்கு வராதே என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் டீக்கடையில் இரட்டைக் குவளை என்றால் உயிரைக் கொடுத்துப் பேசும் நம் இளைஞர், பக்கத்து லைனில் ஒரு பெண்ணை சூப்பர்வைசர் உரசிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு "அது அந்தப் பொண்ணு விஷயம்" என்கிறாரே, அதற்குப் பயம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இதைவிடச் சிக்கலானது வீடு. ஊர்களுக்குப் போகும்போது பெண்கள் எங்களிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணன்கிட்ட சொன்னா நாளைக்கே வேலைக்குப் போக வேணாம்னுடுவாரு." குற்றம் செய்தவன் வேலையில் இருப்பான், இவள் வீட்டில் உட்காருவாள். பிறகு அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதனால்தான் வாயைத் திறப்பதில்லை. தங்கையை வேன் வரை கொண்டுபோய் விடுவதையும், கூட்டிவருவதையும் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அவள் சொல்வதை முழுதாகக் கேட்டு, "வேலையை விடாதே, புகார் கொடுப்போம்" என்று சொல்லும் அண்ணன்தான் அவளுக்கு வேண்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன அரசு ஊழியர் பன்வாரி தேவி 1992-இல் வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி 1997-இல் விசாகா தீர்ப்பும், 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் வந்தன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு வேண்டும். வயல்வேலை, வீட்டுவேலை செய்வோர் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரால் கொடுக்க முடியாத நிலை என்றால், சம்பவம் தெரிந்த ஒருவர் அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு கொடுக்கலாம் என்று அதன் விதிகள் சொல்கின்றன. அந்த ஒருவர் பக்கத்து மெஷினில் நிற்கும் ஆணாகவும் இருக்கலாம். சம்மதம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டுக் கொதிப்பது உதவி ஆகாது, புகார்தாரரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. தொல்லை கொடுத்தவர் தலித் அல்லாதவர், பாதிக்கப்பட்டவர் தலித் பெண் என்றால் 2015 திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். காவல் நிலையத்தில் இதைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, தானாக எழுத மாட்டார்கள்.

அம்பேத்கர் 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளருக்கான பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லி 1951-இல் அமைச்சர் பதவியையே விட்டார். நம் தெருமுனைகளில் அவர் படம் வைக்கும் இளைஞர் மன்றங்களில் ஒரு பெண்கூட நிர்வாகியாக இல்லாதது எப்படி என்று நாம் கேட்டால், "அவங்க வர்றதில்லை" என்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் போட்டால் எப்படி வருவார்கள்?

கூலிக்கு வருவோம். நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அதே ஊரில், அதே ஆட்கள், தனியார் வயலில் இறங்கினால் பெண் கூலி குறைந்துவிடுகிறது. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. நாற்று நடவும் களையெடுப்பும் லேசான வேலை என்று சொல்கிறவர் ஒருநாள் குனிந்து பார்க்கட்டும். கூலி பேசப் போகும் மேஸ்திரியும் உடன் போகும் ஆண்களும் இரண்டு கூலி பேசாமல் ஒரே கூலி பேசினால் பாதி வழக்கு அங்கேயே முடியும்.

மே 1 கிராம சபைக்குப் போகும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்ட உள்ளூர்ப் புகார் குழுவின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும், பெண்கள் உதவி எண் 181-ஐயும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுத வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். வேன் வந்து நிற்கும் இடத்திலும் எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்தைப் பெண்கள் படிக்கட்டும். ஆண்கள் கை தூக்குங்கள்.