கல் நட்டோம், காணி விட்டோமா?

ஆண்டுதோறும் டிசம்பர் 7 வருகிறது. மற்ற மாவட்டங்களைப் போலவே திண்டுக்கல்லிலும் கொடிநாள் உண்டியல் குலுங்குகிறது. ஆட்சியர் முதற்பணம் இடுகிறார். சட்டைப்பையில் சிறு காகிதக் கொடி ஏறுகிறது. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வருகிறது. அத்துடன் படைவீரர் குடும்பங்களுக்கு நாம் பட்ட கடன் ஓராண்டுக்குத் தீர்ந்தது என்று நிம்மதி கொள்கிறோம். தீரவில்லை என்பதே நம் வாதம். தீராதது மட்டுமா? திருப்பித் தர வேண்டிய கடனுக்குக் 'கொடை' என்று பெயர் சூட்டி, அதற்காக நம்மை நாமே பாராட்டியும் கொள்கிறோம்.

பழைய இலக்கியம் படிக்கிறவர்களுக்காவது இந்தப் பெயர்மாற்றம் உறுத்த வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து சற்றுத் தொலைவில், தேனி மாவட்ட எல்லைக்குள் இருக்கும் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியலார் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்டவனுக்கு எடுத்த கல். அன்று முதல் அக்கல்லைப் பற்றி எத்தனை பெருமிதக் கட்டுரைகள்! நாமும் மகிழ்ந்தோம். கல்லைக் காண்பது தொடங்கி நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் சொல்லும் படிகளை ஒப்பிக்க நம்மிற் பலருக்கு வரும்.

ஆனால் கல்வெட்டுகளில் வரும் வேறொரு சொல்லை நாம் அதிகம் உச்சரிப்பதில்லை. அச்சொல் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்றும் வரும். பூசலில் உயிர் விட்டவனின் குடும்பத்துக்கு மானியமாக விடப்பட்ட நிலம் அது. குருதிக்கு ஈடாக விடப்பட்டது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மாண்டவனுக்குக் கல், மிஞ்சியவர்களுக்குக் காணி என்று இரண்டையும் சேர்த்தே அந்தச் சமூகம் எண்ணியது. விடப்பட்ட நிலத்தின் விளைச்சலுக்காக அந்த வீட்டுப் பெண் ஆண்டுதோறும் மேடையேறிக் கும்பிட வேண்டியதில்லை.

இன்று நம்மிடம் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஃப்ளெக்ஸ் உண்டு, சிலை உண்டு, தெருவுக்குப் பெயர் சூட்டல் உண்டு, முகநூலில் வீரவணக்கம் உண்டு. காணி எங்கே?

கொடிநாள் வந்த வழியைச் சற்றே பார்ப்போம். 1949 ஆகஸ்டு 28இல் பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் அமைந்த குழு டிசம்பர் 7ஐக் கொடிநாளாக அறிவித்தது. மக்கள் விரும்பி இடும் காசால் போரில் ஊனமுற்றோரையும் கைம்பெண்களையும் காப்பதே நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் நடைமுறையில் மாவட்டத்துக்கு ஓர் இலக்கு வருகிறது. அது துறைகளுக்குப் பங்கிடப்படுகிறது. இலக்கை விஞ்சியவர்களுக்குச் சான்றிதழும் பாராட்டும் உண்டு. விருப்பக்கொடை இவ்வாறு பெயரில்லாத ஒரு வரியாகிறது. வரியென்றால் வரி என்றே வாங்கலாமே! அப்போது பெறுபவருக்கு அது உரிமையாகும். கொடுப்பவரும் கணக்குக் கேட்கலாம்.

அந்த நிதியிலிருந்து கிடைப்பதையும் பார்ப்போம். ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தார் வரையிலான நிலையில் பணியாற்றிய வறிய முன்னாள் வீரருக்கும் அத்தகையவரின் கைம்பெண்ணுக்கும் மத்திய முப்படைவீரர் வாரியத்தின் வழியே மாத உதவி உண்டு. அது 4,000 ரூபாயாக இருந்து, 2025 நவம்பர் 1 முதல் 8,000 ஆக்கப்பட்டது. இரட்டிப்பு என்று கொண்டாடலாம். மருந்துக்கும் வாடகைக்கும் அதை வகுத்துப் பார்த்த பிறகு கொண்டாடினால் இன்னும் நன்று.

"பட்டாளத்துக்காரருக்கு ஓய்வூதியம் இல்லையா?" என்று வியப்பவர்கள் உண்டு. சிப்பாயாகச் சேர்ந்தவர் பொதுவாகப் பதினைந்தாண்டு பணி முடித்தால்தான் சேவை ஓய்வூதியம். இரண்டாம் உலகப்போரின் முடிவில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தனர். போர் ஓய்ந்ததும் பெரும்பாலோர் சில ஆண்டுப் பணியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு பேரரசு அவர்களைப் பயன்படுத்திக் கைவிட்டது. அவர்களுக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் மாநில அரசுகள் பின்னாளில் சிறு உதவித்தொகை அளிக்க நேர்ந்தது.

ஓய்வூதியம் பெறுபவர் கதை வேறு. முப்பத்தைந்து நாற்பது வயதில் ஊர் திரும்புகிறார். பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை வாயிலிலோ நகரத்து ஏ.டி.எம். முன்போ காக்கிச் சட்டை அணிந்து நிற்கிறாரே, அவரிடம் கேட்டுப்பாருங்கள். சியாச்சினைப் பற்றி நம்மைவிட நன்றாகச் சொல்வார். மாநில அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் அவர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 விழுக்காடு மானியமும் உண்டு. வரவேற்போம். ஆனால் திட்ட அறிக்கை எழுதவும் வங்கி மேலாளருக்கு விளக்கவும் வாயிற்காவலருடன் யார் செல்வது?

கடிதமும் காகிதமுமே இங்குப் பாதிப் போர். கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் ஒரு விதம், ஆதாரில் வேறு விதம். பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை. திருமணப் பதிவு படைப்பிரிவு ஆவணத்தில் ஏறவேயில்லை. ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்னும் இணைய அமைப்பின் வழியே நடக்கிறது. ஆண்டுக்கொரு முறை உயிர்ச்சான்று பதிய வேண்டும். தவறினால் பணம் நிற்கும். நத்தத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கும் எழுபது வயது மூதாட்டி பிரயாக்ராஜில் இருக்கும் கணக்கு அலுவலகத்தோடு இணையத்தில் வழக்காட வேண்டும்! அவருக்குப் பொன்னாடை எதற்கு? பிழையின்றி ஒரு மனு எழுதித் தரும் கை வேண்டும்.

மறுப்புகளையும் எதிர்கொள்வோம். "சம்பளத்துக்குத்தானே போனார்கள்?" என்பது முதல் மறுப்பு. ஆம், சம்பளத்துக்குத்தான். மாதச் சம்பளம் மாத உழைப்புக்கு விலை. இழந்த காலுக்கும் உயிருக்கும் அதில் விலை சேரவில்லை. "போரே தவறு, அதில் ஈடுபட்டவனுக்கு ஏன் உதவ வேண்டும்?" என்பது இரண்டாவது. இதில் நேர்மையான வேதனை உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் மாண்டனர். அப்படையால் ஈழத்தமிழர் பட்ட துயரும் பொய்யன்று. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அந்த முடிவைக் குறித்து எவரும் எப்பக்கமும் வாதிடலாம். ஆயின் படையை அனுப்பியது தில்லி. போனவன் ஆணைக்குக் கட்டுப்பட்டவன். வீட்டில் காத்திருந்தவள் எந்த ஆணையும் இடாதவள். குற்றம் செய்தவனை விசாரிக்கட்டும். கொள்கையின் தவறுக்கு அவள் அடுப்பு ஏன் அணைய வேண்டும்?

"உதவிதான் கிடைக்கிறதே" என்பது மூன்றாவது. எந்த விலைக்கு? வீரப்பதக்கம் பெற்றவரின் கைம்பெண் மறுமணம் செய்தால், கணவனின் உடன்பிறந்தானை மணந்தால் மட்டுமே பதக்கத்துக்கான உதவித்தொகை தொடரும் என்ற விதி இந்நாட்டில் 2017 நவம்பர் வரை இருந்தது. தாபத நிலையைப் புறநானூற்றில் படித்து உருகுகிறோம். அரசாணையில் அது இருபத்தோராம் நூற்றாண்டிலும் வாழ்ந்ததை எத்தனை பேர் கவனித்தோம்?

யார் வீரர் என்ற வரையறையிலும் இதே கஞ்சத்தனம். 2019 பிப்ரவரி 14இல் புல்வாமாவில் மாண்ட 40 பேரில் இருவர் தமிழர், மத்திய ரிசர்வ் காவல் படையினர். ஊர் திரண்டு அழுதது. ஆனால் அப்படையில் பணிமுடித்து வருபவர், முப்படையினர்க்குரிய 'முன்னாள் படைவீரர்' வரையறைக்குள் வருவதில்லை. 2022இல் வந்த அக்னிபத் திட்டம் இன்னும் ஒரு படி மேல். நான்காண்டு முடிந்ததும் நால்வரில் மூவர் வரை வெளியேற வேண்டும். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. கையில் கிடைப்பது ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய். அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்ததே. முதல் அணியினர்க்கு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் நான்காண்டு நிறைகிறது. உலகப்போர்ச் சிப்பாய்க்குப் பேரரசு செய்ததைக் குடியரசு தன் பிள்ளைகளுக்குச் செய்யப்போகிறதா?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று.

முதலாவது, கொடிநாள் வசூல் எவ்வளவு பெரிய செய்தியாகிறதோ, அவ்வளவு பெரிய செய்தியாகச் செலவும் வரட்டும். இம்மாவட்டத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் பெற்றனர், எத்தனை பேர் எக்காரணத்தால் விலக்கப்பட்டனர் என்பது ஒவ்வொரு டிசம்பரிலும் தெரிய வேண்டும்.

இரண்டாவது, கொடுப்பவர்கள் மேடையை விடட்டும். தையல் இயந்திரத்தின் மறுமுனையை ஒரு கைம்பெண் பிடித்துக்கொண்டு ஒளிப்படத்துக்கு நிற்க வேண்டிய நிலை இனி வேண்டாம். ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை ஓசையின்றி மூன்றாண்டு கட்டும் வணிகர் ஒருவர், நூறு பொன்னாடைகளுக்கு மேல்.

மூன்றாவது நமக்கு, வாசகர்களுக்கு. நம்மிடம் நிதி இல்லை, எழுத்து இருக்கிறது. திண்டுக்கல்லில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா கூடுகிறது. அங்கு ஒரு மேசை போடுவோம். மாதம் ஒரு ஞாயிறு, படிவம் நிரப்பவும் பெயர்ப்பிழைக்கு மனு வரையவும் உட்காருவோம். திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்துக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் உடன் செல்வோம். நடுகல்லில் தேய்ந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மங்கிய எழுத்தைப் படிப்பது அரிதன்று.

நிலம் விடும் அதிகாரம் நமக்கு இல்லை. இருக்கும் உரிமையை உரியவர் கையில் சேர்ப்பதே இக்காலத்து உதிரப்பட்டி. அதைச் செய்ய மனமில்லையெனில், அடுத்த டிசம்பரில் காகிதக் கொடியைக் குத்திக்கொள்ளுமுன் சற்றே நாணுவோம்.