அருவாமனைக்கு எப்போ லீவு?

போன ஆயுத பூஜை அன்னிக்கு ராத்திரி (2025 அக்டோபர் 1, புதன்கிழமை) ஒரு நோட்டுக்காக எங்க வீட்ல சின்னதா ஒரு யுத்தம். லீவு முடிஞ்சு காலேஜ் திறக்கற அன்னிக்கே இன்டர்னல். அதுக்குப் படிக்க வேண்டிய நோட்டு சரஸ்வதி படத்துக்கு முன்னாடி, அடுக்குல அடியிலிருந்து மூணாவதா உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு பட்டுத்துணி, அதுக்கு மேலே செவந்திப்பூ. எல்லாத்தையும் கொண்டுபோய் அடுக்கினதே நான்தான். ஒரு நாள் படிக்காம இருக்க அதைவிட நல்ல சாக்கு எங்க கிடைக்கும்? சாயங்காலம்தான் டைம்டேபிள் ஞாபகம் வந்துச்சு.

"அப்பாயி, ஒரே ஒரு நோட்டு. பூ கலையாம உருவிக்கறேன்."

"நாளைக்கு மறுபூசை போட்டுத்தான்டா எடுக்கணும். இத்தன நாளா படிக்காதவன் இந்த ஒரு ராத்திரில படிச்சு கலெக்டரா ஆவப்போற?"

வழக்கு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு அப்பாகிட்ட போனேன், அவர் டிவி சத்தத்தைக் கூட்டிட்டார்.

சரி, தொடக்கூடாதுன்னு வச்ச பொருளை எடுக்க உலகத்துல யாராவது வழி கண்டுபிடிச்சிருப்பாங்களான்னு செல்லுல தேட ஆரம்பிச்சேன். (அந்தச் செல்லுக்கும் காலையில சந்தனம் குங்குமம் வச்சிருந்தோம். பொட்டு காயறதுக்குள்ள ஆளாளுக்கு எடுத்துட்டோம். அதைப் பத்தி அப்பாயி ஒண்ணும் சொல்லல.) அப்படித் தேடினப்போதான் யூதர்களோட 'முக்ட்ஸே' கண்ணுல பட்டது. ஒரு ராத்திரி முழுக்கப் படிச்சேன். இன்டர்னலுக்கு அப்படிப் படிச்சிருந்தா இந்நேரம் கதையே வேற.

முக்ட்ஸேன்னா 'ஒதுக்கி வச்சது'ன்னு அர்த்தம். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் சாஞ்சதிலிருந்து சனிக்கிழமை இருட்டுற வரைக்கும் ஓய்வுநாள். அன்னிக்கு வேலை செய்யக்கூடாது என்பது நமக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம். இவங்க இன்னும் ஒரு படி மேல போறாங்க. வேலைக்கான பொருளைக் கையால நகர்த்தவும் கூடாது. பணம், பேனா, மெழுகுவர்த்தி, வெறும் கல், மண் எல்லாமே இதுல அடங்கும். கல்லை முன்கூட்டியே ஏதாவது ஒரு உபயோகத்துக்குன்னு ஒதுக்கியிருந்தா அது சாமான் கணக்குல வந்துடும், எடுக்கலாம். சும்மா கிடக்கற கல்லுன்னா அங்கேயே கிடக்கணும். (எங்க ஊர் ரஞ்சன்குடி கோட்டையில இருக்கற கல்லெல்லாம் வருஷம் 365 நாளும் முக்ட்ஸேதான். தொல்லியல் துறை போர்டு வச்சிருக்காங்க, கை வச்சா கேஸ்.)

சுத்தியல் மேட்டர் இன்னும் சுவாரசியம். அது வேலைக்கான சாமான், அதனால வெயில்ல கிடக்குதேன்னு பரிதாபப்பட்டு உள்ள எடுத்து வைக்கக்கூடாது. ஆனா ஒரு கொட்டையை உடைச்சுத் தின்னணும்னா எடுக்கலாம். அது கிடக்கற இடத்துல நீங்க உட்காரணும்னாலும் நகர்த்தலாம். எடுக்கக்கூடாத பொருளைத் தாங்கிட்டு இருக்கற பலகையும் அதோட சேர்ந்து அசையக்கூடாததா ஆயிடும். ஆனா அந்தப் பொருளை யாராவது மறந்துபோய் அங்க வச்சிருந்தா வழி உண்டு. பீப்பாய் வாய்மேல ஒரு கல் இருந்தா பீப்பாயைச் சாய்ச்சு கல்லை விழ வச்சுக்கலாம்னு அவங்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவுலயே இருக்கு. அடுக்கைச் சாய்க்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். உண்மையைச் சொல்லிடறேன். ஆனா நான் மறந்து வைக்கல, வேணும்னேதான் வச்சேன். அந்த வழியும் அடைபட்டது. கை படாம கால், முழங்கைன்னு தள்ளினா பரவாயில்லைன்னு பல அறிஞர்கள் சொல்லியிருக்காங்க. இங்க புத்தகத்தைக் காலால தள்ளினா அப்பாயி என்னையே வாசலுக்குத் தள்ளிடும்.

படிக்கப் படிக்க ஒரு ஆச்சரியம். அவங்க வருஷத்துலயே பெரிய நாள் யோம் கிப்பூர். நாள் முழுக்கப் பட்டினி, ஓய்வுநாளுக்கு உள்ள விதிகளும் சேர்த்து. அது திஷ்ரி மாசத்துப் பத்தாம் நாள். நம்ம விஜயதசமியும் வளர்பிறையோட பத்தாம் நாள்தான். ரெண்டும் நிலாக் கணக்கு. 2024-ல அக்டோபர் 12, 2025-ல அக்டோபர் 2 - ரெண்டு வருஷமும் ரெண்டு நாளும் ஒண்ணா விழுந்திருக்கு. (எப்பவும் இப்படி அமையாது. கூடுதல் மாசம் சேர்க்கற வருஷம் ரெண்டு காலண்டருக்கும் வேற வேற.) நான் நோட்டுக்காகச் சண்டை போட்ட அதே சாயங்காலம் ஜெருசலேம்ல ஒருத்தன் பேனாவை மேசையில வச்சுட்டு எழுந்திருப்பான்.

இவ்வளவு எதுக்குன்னு கேக்கத் தோணும். 12-ம் நூற்றாண்டுல எகிப்துல வாழ்ந்த மைமோனிடிஸ் காரணங்களை எழுதி வச்சிருக்கார். ஒண்ணு, கையில சாமான் இருந்தா வேலை தானா தொடங்கிடும். இன்னொண்ணு, வீட்ல சும்மா இருக்கறவன் பாத்திரத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாத்திட்டே இருப்பான், அது ஓய்வா? எனக்குப் பிடிச்சது அவர் சொல்ற இன்னொரு காரணம். வருஷம் பூரா வேலைவெட்டி இல்லாம தெருமுனையில உட்கார்ந்திருக்கறவனுக்கு ஓய்வுநாள்னு தனியா என்ன தெரியும்? எல்லா நாளும் அவனுக்கு ஓய்வுதானே? அதனால எல்லாருக்கும் தெரியற மாதிரி கை வைக்காம இருக்கற ஒரு விதி வேணுமாம். என்னைப் பார்த்த மாதிரியே எழுதியிருக்கார்.

இது வெளிநாட்டு சமாசாரம்னு ஒதுக்கிட முடியாது. கொங்கண் கரையில, இன்னிக்கு மகாராஷ்டிரா, பெனே இஸ்ரேல்னு ஒரு யூத சமூகம் பல நூற்றாண்டா இருந்திருக்கு. தொழில் செக்கு ஆட்டறது. மற்ற யூதர்களோட தொடர்பு அத்துப்போய் எத்தனையோ வழக்கம் மறந்துபோன காலத்துலயும் சனிக்கிழமை செக்கு ஓடாது. சுத்துப்பட்டு ஜனங்க அவங்களுக்கு வச்ச பேரு 'சனிவார் தேலி'. அதாவது சனிக்கிழமை வாணியர். அவங்க ஆட்டின எண்ணெயை வச்சு யாரும் அடையாளம் சொல்லல. எந்த நாள்ல செக்கு நின்னுதோ அதை வச்சே பேர் வச்சுட்டாங்க.

இவ்வளவு படிச்சுட்டு, தண்ணி குடிக்கலாம்னு அடுப்படிக்குப் போனேன். மணி ஒன்பதரை இருக்கும். அங்கதான் இந்தக் கட்டுரை பிறந்துச்சு.

சாமி படத்துக்கு முன்னாடி என்னென்ன இருந்துச்சுன்னா - என் புத்தகம், தங்கச்சி புத்தகம், அப்பாவோட மம்பட்டி, களைக்கொத்து, அருவா, மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கற டேங்க் (கழுவித்தான்). வண்டி வாசல்ல வாழைக்கன்னோட. எல்லாம் ஜம்முனு லீவுல இருந்துச்சு. அடுப்படியில எங்கம்மா அருவாமனையில உட்கார்ந்து மறுநாள் சாம்பாருக்குக் கத்தரிக்கா நறுக்கிட்டு இருந்தாங்க. அந்த அருவாமனைக்கும் காலையில பொட்டு வச்சிருந்தோம். பொட்டு அப்படியே இருந்துச்சு, அருவாமனை வேலை பாத்துட்டே இருந்துச்சு. கிரைண்டருக்குப் பொட்டு வச்ச கையோட வடைக்கு ஆட்டினாங்க. மிக்ஸிக்குப் பொட்டு, அஞ்சு நிமிஷத்துல சட்னி. விளக்குமாறு கதையைக் கேக்கவே வேணாம். வீட்டைக் கழுவினதுல ஆரம்பிச்சு சுண்டல், பொரி, வடை, பாயசம்னு அம்மா காலையில நாலு மணிக்கு எழுந்திருச்சவங்க. மம்பட்டிக்கு லீவு விட, அருவாமனை ஓவர்டைம் பாக்குது.

மறுநாள் அப்பாயிகிட்ட மெதுவா கேட்டேன். "அது தொழிலாடா? சோறாக்கறது தொழிலா?"ன்னு சிரிச்சுது. இங்கதான் எனக்கு யூதச் சட்டம் உதவிக்கு வந்துச்சு. ஓய்வுநாள்ல கூடாத வேலைன்னு மிஷ்னா 39 வேலையைப் பட்டியல் போடுது. முதல் பதினொண்ணும் ரொட்டி வர்ற பாதை. விதைக்கறது, உழறது, அறுக்கறது, கட்டு கட்டறது, போரடிக்கறது, தூத்தறது, பொறுக்கறது, அரைக்கறது, சலிக்கறது, பிசையறது, சுடறது. நல்லா பாருங்க. எங்கப்பா உழறதும் எங்கம்மா மாவு பிசையறதும் ஒரே பட்டியல்ல, பக்கத்துப் பக்கத்துல. நிலம் எங்க முடியுது அடுப்படி எங்க ஆரம்பிக்குதுன்னு அந்தப் பட்டியல் கோடு போடல. நம்ம பூஜையறை போட்டிருக்கு.

அவங்க வீட்ல எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. ஓய்வுநாள்ல அடுப்பு பத்தவைக்கக்கூடாதுன்னா வெள்ளிக்கிழமையே எல்லாம் சமைச்சு, ராத்திரி பூரா மிதமான சூட்டுல வச்சிருக்கணும். அந்த வெள்ளிக்கிழமை யார் தலையில விழும்னு சொல்லவே வேணாம். மற்ற பண்டிகை நாட்கள்ல சமைக்கலாம்னு விலக்கும் இருக்கு. வேடிக்கை என்னன்னா, அப்படி லேசான பண்டிகை நாள்ல பொருளை அசைக்கற விதி சில விஷயத்துல ஓய்வுநாளைவிடக் கறார். லேசான நாளை ஜனங்க இன்னும் லேசாக்கிடுவாங்கன்னு பயம். பண்டிகையன்னிக்குக் கோழி இட்ட முட்டையை அன்னிக்கே சாப்பிடலாமான்னு ஷம்மாய் வழியினரும் ஹில்லெல் வழியினரும் போட்ட சண்டையில ஒரு நூலே தொடங்குது. அந்த நூலுக்குப் பேரே 'முட்டை'. சிரிப்பா இருக்கும். ஆனா ஒவ்வொரு சாமானா எடுத்து வச்சு இதுக்கு லீவா இல்லையான்னு உட்கார்ந்து பேசியிருக்காங்க. நாம என்னிக்காவது அருவாமனையைப் பத்திப் பேசியிருக்கோமா?

நம்ம நாட்டுலயே முன்மாதிரி இருக்கு. குஜராத்ல ஷீதளா சாதம்னு ஒரு நாள். முந்தின நாளே சமைச்சு வச்சுடுவாங்க, அந்த நாளுக்குப் பேரே 'ராந்தண் சட்', சமையல் சஷ்டி. மறுநாள் அடுப்பைச் சுத்தம் பண்ணிக் கும்பிடுவாங்க, பத்தவைக்க மாட்டாங்க. எல்லாரும் ஆறின சோறுதான். நம்ம மாட்டுப் பொங்கலையே எடுத்துக்குங்களேன், மாட்டை ஏர்ல பூட்டறதில்ல. கொம்புக்கு வர்ணம் அடிச்சு மாலை போட்டுட்டு அடுத்த நிமிஷம் உழ ஓட்டிட்டுப் போனா ஊரே காறித் துப்பும். அருவாமனைக்கு மட்டும் அதைத்தான் வருஷா வருஷம் பண்றோம்.

(கூலி வேலைக்குப் போறவங்களுக்கு சாமானுக்கு லீவுன்னா சம்பளத்துக்கும் லீவு. அது இதைவிடப் பெரிய விஷயம், தனியா எழுதணும்.)

பூஜையே வேணாம்னு நான் சொல்லல. அப்பாயி சொன்ன தடை எனக்கு இப்போ நிஜமாவே பிடிச்சிருக்கு. அந்த நோட்டு கைக்குக் கிடைக்காததால ஒரு ராத்திரி நான் வேற எதையோ யோசிச்சேன். அந்த மாதிரி ஒரு ராத்திரி அம்மாவுக்கும் வேணும், அவ்வளவுதான். அடுப்படி சாமான் எல்லாம் பொட்டு வச்சபிறகு புத்தகத்தோட அடுக்குக்குப் போகணும், தசமி மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. சுண்டலும் வடையும் முந்தின நாளே, அதுவும் நானும் அப்பாவும். ராத்திரிக்கு பழைய சோறும் சின்ன வெங்காயமும். நறுக்க வேணாம், கடிச்சுக்கலாம். பெரம்பலூர்க்காரனுக்கு சின்ன வெங்காயத்துக்கா பஞ்சம்?

அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "நீ வடைக்கு மாவு ஆட்டுவியா?"ன்னாங்க. ஆட்டறேன்னேன். "எவ்ளோ நேரம் ஊறணும், சொல்லு?" தெரியலன்னேன்.

இப்போ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உளுந்து நான்தான் ஊறப் போடறேன். மூணு வாரத்துல ஒரு தடவைதான் வடைக்கு நடுவுல ஓட்டை விழுந்திருக்கு. அப்பாயிக்கு இன்னும் விஷயம் தெரியாது.