அண்டை வீட்டுக் கிணறு



செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்துப் புதுமனை கட்டிவரும் குடும்பத் தலைவர் ஒருவர் அண்மையில் நம்மை நாடி வந்தார். ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் நல்ல பதவியிலிருப்பவர். "சாமி, பிள்ளைகளுக்காக வீட்டின் பின்புறம் ஒரு நீச்சல் குளமும், அதனருகே செயற்கை அருவியும் நீரூற்றும் அமைக்க எண்ணுகிறோம். அம்மாவோ இது வீண் ஆடம்பரம், பாவம் என்கிறார். தாங்கள்தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றார்.

நீந்துவது பாவமன்று என்றோம். புனித இரண்டாம் அருள் சின்னப்பர் திருத்தந்தையான பின்னர், காஸ்தல் கந்தோல்போ கோடை இல்லத்தில் நீச்சல் குளம் அமைத்துக்கொண்டவரே. உடல்நலமும் பிள்ளைகளின் களிப்பும் இறைவனின் கொடைகள். ஆயினும் தீர்ப்புக்கு முன் கணக்குப் பார்ப்போம் என்று தாளை எடுத்தோம்.

20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் என்றால் 800 கன அடி. ஏறத்தாழ 22,600 லிட்டர். சிற்றூர்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஐவர் வாழும் வீட்டுக்கு இது 82 நாளைய தண்ணீர்! வடிகட்டிப் பேணினால் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் 90 லிட்டருக்கு மேல் போய்விடும். அருவியாய் விழுந்து ஊற்றாய்த் தெறிக்கும் நீர் இன்னும் விரைந்து மறையும். அக்குறையை ஆழ்துளைக் கிணறன்றோ நிரப்ப வேண்டும்? நிலத்தடி நீருக்கு மதிற்சுவர் கிடையாது.

"உங்கள் அண்டை வீட்டார் யார்?" என்று வினவினோம். அவர் சற்றுத் தயங்கி, "பெயர் தெரியாது, சாமி. பழைய கிணறொன்று உண்டு, கோடையில் நான்கைந்து குடும்பங்கள் அதில்தான் நீர் இறைக்கின்றன" என்றார். 'எனக்கு அடுத்திருப்பவன் யார்?' என்று ஆண்டவரைக் கேட்ட சட்ட வல்லுநனின் நினைவு நமக்கு வந்தது.

இவ்வூராருக்கு நீரின் இரு முகங்களும் தெரியும். 2015 டிசம்பர் 1 அன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட, அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கின. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அதே ஏரி, 2019 கோடையில் வெடித்த மண்ணாய்க் கிடந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் குடிநீர் வந்தது.

உரோமை நகரும் 2017 ஜூலையில் வறட்சியால் வாடியது. அப்போது வத்திக்கான், இராயப்பர் சதுக்கத்தின் புகழ்பெற்ற நீரூற்றுகள் உட்பட ஏறத்தாழ நூறு நீரூற்றுகளை நிறுத்தியது. தூய குடிநீர் மாந்தர் அனைவருக்கும் அடிப்படை உரிமை என்று 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் 2015-இல் எழுதிய திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் இல்லமாய் அன்று இருந்ததன்றோ அது!

ஆகவே, நாம் கூறிய ஆலோசனை இதுவே: முதலில் மழைநீர்த் தொட்டி, பிறகு குளம். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். பருவமழையில் 25 சென்டிமீட்டர் பெய்தால் குளமே நிறையும். மழை தந்தால் நீந்துங்கள். தராத ஆண்டில் குளம் வெறுமையாய்க் கிடக்கட்டும். பயன்படுத்தாத நேரம் மூடி வையுங்கள். ஆவியாவதும் குறையும், குழந்தைகளுக்கும் காவல். குளோரின் கலந்த நீரைக் கிணற்றுப் பக்கம் விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன் அண்டை வீட்டாரைக் கண்டு பேசுங்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வந்தார். அருவியும் நீரூற்றும் வேண்டாமென்று விட்டுவிட்டாராம். குளத்தையும் சிறிதாக்கி, மழைநீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டத் தொடங்கிவிட்டாராம். "அண்டை வீட்டுப் பாட்டியின் பெயரும் தெரிந்துகொண்டேன், சாமி. அம்மாவும் அவரும் இப்போது தோழிகள்" என்றார்.

அந்த வீட்டை மந்திரிக்கும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறோம். அன்று தீர்த்தம் தெளிக்கும்போது, அண்டை வீட்டுக் கிணற்றின்மீதும் சில துளிகள் விழும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைக!