தாயின் தட்டில் குற்றம் தேடாதீர்கள்



கைக்குழந்தையின் கன்னம் சொரசொரத்துச் செதில் விட்டால், நம் சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் முதல் கேள்வி தாயை நோக்கித்தான் வருகிறது. "நீ என்னத்தைத் தின்னே?" கத்தரிக்காய், கருவாடு, சோளம், மாங்காய் என்று கரப்பான் பண்டங்களின் பட்டியல் ஒவ்வொரு வீட்டிலும் தயாராக இருக்கிறது. தமிழ் பேசும் அத்தை சொன்னாலும் தெலுங்கு பேசும் அவ்வா சொன்னாலும் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. முழுகாமல் இருந்தபோது ஆசைக்கு ஒரு வாய் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டதை நினைத்து, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆன பிறகும் தன்னையே நொந்துகொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். இந்த மாதப் பக்கத்தை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாய் கத்தரிக்காய் சாப்பிட்டதால் குழந்தைக்குக் கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமா வருவதில்லை. கர்ப்ப காலத்தில் முட்டை, பால், மீன், கடலை என்று ஒவ்வொன்றாக ஒதுக்குவதால் அதைத் தடுக்கவும் முடியாது. இதுபற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, அப்படிப்பட்ட பத்தியத்தால் குழந்தைக்குப் பயன் கிடைப்பதாகத் தெரியவில்லை என்கிறது. கர்ப்பிணியின் எடை கூட வேண்டிய அளவு கூடாமல் போவதையும் அது சுட்டிக்காட்டுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இந்த நிலையில் முட்டையையும் மீனையும் அவர்கள் தட்டிலிருந்து எடுப்பது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது.

பிறகு ஏன்தான் வருகிறது? 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம். ஓடு விலகிய கூரை மாதிரிதான் அந்தத் தோல். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போய்விடுகிறது. தூசியும் சோப்பும் கிருமியும் உள்ளே புகுந்துவிடுகின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த மரபணுவே காரணம் என்று சொல்ல முடியாது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் போக்கும், சுற்றுப்புறமும் சேர்ந்துதான் நோயை உண்டாக்குகின்றன. ஆனால் ஒன்றைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். இந்த மரபுக்கூறு அப்பா வழியிலும் வரும். அப்பாவுக்கு மூச்சிரைப்போ, காலையில் விடாத தும்மலோ, சிறு வயதில் கரப்பானோ இருந்ததா என்று எந்த வீட்டிலும் விசாரித்து நான் கேட்டதில்லை.

நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் இந்த நோய் வேறு முகம் காட்டுகிறது. மருத்துவப் புத்தகப் படங்களில் இருக்கும் சிவப்பு நம்மிடம் எடுப்பாகத் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரியோ, கருத்தோ, மணல் மணலாகச் சிறு பொரிகளாகவோ இருக்கும். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் தலையிலும், தவழும் வயதில் முழங்கை முழங்கால்களின் வெளிப்பக்கத்திலும், வளர்ந்த பிள்ளைக்கு மடிப்புகளிலும் கழுத்திலும் வரும். ஆறிய இடம் கொஞ்ச காலம் வெளுத்துத் தெரியும். கன்னத்தில் வரும் அந்த வெளிர்த் திட்டைத் தேமல் என்கிறோம். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுக்கிறோம், கால்சியம் குறைவு என்று டானிக் வாங்குகிறோம், வெண்குஷ்டமோ என்று பயந்து தூக்கம் கெடுகிறோம். பெரும்பாலும் அது வறண்ட தோல் விட்டுச்சென்ற தடம்தான். ஈரம் காக்கும் கிரீமும் பொறுமையும் போதும், மாதக்கணக்கில் நிறம் திரும்பிவிடும்.

அரிப்பெல்லாம் எக்ஸிமாவும் அல்ல. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயம் இரவில் அரித்தால், விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிகள் இருந்தால், அது சிரங்கு. வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். வட்டமாக ஓரம் தடித்துப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம்.

இங்கேதான் எனக்கு மிகுந்த கவலை. மருந்துக்கடையில் போய் "அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க" என்றால், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த கிரீம் கைக்கு வருகிறது. ஊர் ஆர்.எம்.பி. வைத்தியரும் பல நேரம் அதையேதான் எழுதுகிறார். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், விட்டால் திரும்பும், மறுபடி அதே டியூப். படர்தாமரையாக இருந்தால் அடியில் பரவிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கன்னமாக இருந்தால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயில் பட்டாலே எரியும். இதை எதிர்த்து இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் விடாமல் குரல் கொடுத்தார்கள். அதன் பிறகு 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு கிரீம்களை அட்டவணை எச்-இல் சேர்த்தது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் கடையில் கேட்டால் கிடைக்கிறது. ஆகவே காவல் நம் கையில்தான் இருக்கிறது.

அதற்காக ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே ஓடிவிடாதீர்கள். அந்தப் பயத்தில் குழந்தையை மாதக்கணக்கில் சொறிய விடுவதும் கொடுமைதான். மருத்துவர் குழந்தையின் முகத்துக்கு ஹைட்ரோகார்டிசோன் போன்ற மென்மையான ஒன்றை எழுதி, இத்தனை நாள் என்று சொன்னால், அத்தனை நாள் தைரியமாகப் பூசுங்கள். அளவுக்கும் எளிய கணக்கு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய மருந்து, சுமார் அரை கிராம், பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று எழுதிய பெரியவர்களுக்கான டியூபைப் பிள்ளையின் கன்னத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இனி கர்ப்பிணிகளுக்கு. கருவைக் காப்பதற்காக உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தில் பழைய எக்ஸிமா சிலருக்குக் கூடுகிறது. இதுவரை தோல் தொல்லையே இல்லாதவர்களுக்கும் முதன்முறையாக வருகிறது. கர்ப்ப காலத் தோல் நோய்களில் இதுதான் அதிகம் காணப்படுவது. வயிற்றிலுள்ள குழந்தையை இது பாதிப்பதில்லை. கர்ப்பம் உறுதியான அன்றே எல்லாக் கிரீமையும் குப்பையில் போட்டுவிட்டு, இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதும் இல்லை. மென்மையான, நடுத்தர ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சொல்லும் அளவில் பூசலாம். மிக வீரியமானவற்றை ஏராளமாகப் பூசும்போதுதான் குழந்தையின் எடை குறையும் அபாயம் உண்டு. கடுமையான எக்ஸிமாவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் பேசி நிறுத்த வேண்டும். அது கருவுக்கு ஆகாது.

ஓர் அரிப்பை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், தோலில் பொரி எதுவும் இல்லாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரித்தால் அது தோல் நோய் அல்ல. கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். குழந்தையின் உயிருக்கே ஆபத்து வரக்கூடும். வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே பிரசவ மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

பிள்ளை பிறந்தாயிற்று. உலக சுகாதார நிறுவனம் முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்கிறது. பிறந்த குழந்தையின் மேல் இருக்கும் வெண்ணெய் போன்ற பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டாம், அது தோலுக்குக் காப்பு. பிறகு நம் வீட்டுக் குளியல் ஆரம்பம். முதலில் எண்ணெய், அதன்மேல் தமிழ் வீட்டில் பயத்தமாவோ நலங்குமாவோ, தெலுங்கு வீட்டில் சுன்னிபிண்டி, அப்புறம் சுடுநீர், கடைசியில் சாம்பிராணிப் புகை, உடம்பெல்லாம் பவுடர். ஆரோக்கியமான தோல் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். கரப்பான் தோல் தாங்காது. எண்ணெயைப் பூசி மாவால் தேய்த்தெடுத்தால் தோலில் எஞ்சுவது மாவின் உராய்வு மட்டும்தான். எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வரிசையை மாற்றுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் கிரீமோ வெள்ளை பாரஃபினோ பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லதே. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், தூய தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது. உறவினர் வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் ஆலிவ் எண்ணெய் சமையலுக்குப் போகட்டும். அது தோலின் காப்பைக் குலைப்பதாக இங்கிலாந்து ஆய்வு ஒன்று 2013-ல் காட்டியிருக்கிறது. சாம்பிராணிப் புகையும் பவுடரும் வேண்டாம், மூச்சிரைப்பு இருக்கும் குடும்பத்தில் நிச்சயமாக வேண்டாம். அரைஞாண் கயிறும் வசம்பு வளையலும் உரசும் இடத்தில் தோல் புண்ணானால் ஆறும்வரை கழற்றி வையுங்கள்.

நம் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதனால்தான் என்று தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்குக் கடன் வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் 336 பிள்ளைகளிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2011-ல் வந்த முடிவு, கூடுதல் பலன் ஏதும் இல்லை என்பது. அதேபோல, நல்ல தோலுள்ள குழந்தைக்கு முன்னெச்சரிக்கையாக விலை உயர்ந்த கிரீம் பூசினால் எக்ஸிமா வராது என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். பிரிட்டனில் 1,394 குழந்தைகளிடம் நடந்த பீப் ஆய்வில், முதல் ஆண்டு முழுக்க தினம் கிரீம் பூசியவர்களில் 23 சதவீதத்துக்கும் பூசாதவர்களில் 25 சதவீதத்துக்கும் இரண்டு வயதில் எக்ஸிமா இருந்தது. வந்த பிறகு ஈரம் காக்கும் கிரீம் மருந்து. வருமுன் அது வெறும் செலவு.

முதல் முடியைத் திருமலையில் கொடுப்பது நம் வீடுகளின் பெரிய சந்தோஷம். தலையில் கரப்பான் லேசாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், மொட்டை அடிக்கும் கல்யாணகட்டாவில் புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள். நீர் கசியும் புண்ணாக இருந்தால் ஆறும்வரை தள்ளிவையுங்கள். பெருமாள் காத்திருப்பார். மொட்டை அடித்த உடனே குளிர்ச்சிக்கென்று பூசும் சந்தனம் வெட்டுப்பட்ட தோலில் எரியும். அந்தத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். தடுப்பூசிகளை மட்டும் கரப்பானைக் காரணம் காட்டித் தள்ளிவைக்காதீர்கள்.

ஆறு மாதம் முடிந்து உணவு தொடங்கும்போது பழைய பயம் மறுபடி தலைதூக்கும். இப்போது குழந்தையின் கிண்ணத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்குவார்கள். நிலக்கடலை விளையும் மண் நம்முடையது, இதைக் கேளுங்கள். 2015-ல் வெளியான லண்டனின் லீப் ஆய்வில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, ஓராண்டு நிரம்பாத 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு நிலக்கடலையே கொடுக்கவில்லை, மறு பாதிக்கு வாராவாரம் கொடுத்தார்கள். ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்துக்கும் சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதத்துக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது. ஒதுக்கியதுதான் கெடுதல் செய்தது. ஆகவே ராகிக் கூழோடு, நைசாக அரைத்த கடலையும் வெந்த முட்டையும் காலத்தில் வரட்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், கொடுக்கக் கூடாது. எக்ஸிமா கடுமையாக இருந்தால் முதல் முறை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே பால் அல்லது முட்டை ஒவ்வாமை இருக்கும். அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், பக்கத்து வீட்டார் அல்ல.

தாயின் தோலையும் யாராவது பார்க்க வேண்டும். பாலூட்டும் மார்புக் காம்பில் எக்ஸிமா வந்தால் பால் கொடுத்து முடித்ததும் மருந்து பூசி, அடுத்த முறை கொடுக்குமுன் துடைத்துவிடலாம், பாலை நிறுத்த வேண்டாம். மாம்பழக் காலத்தில் கூழ்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெண்களின் கைகளை நினைத்துப் பார்க்கிறேன். நாளெல்லாம் ஈரம், தோத்தாபுரி மாங்காயின் காம்புப் பால் பட்டால் தோல் வெந்த மாதிரி பொரிந்துபோகும். வீட்டுக்கு வந்தால் குழந்தையின் துணியும் சோப்புத் தூளும். வெடித்த அந்தக் கைகளுக்கு உள்ளே பருத்தித் துணி வைத்த கையுறையும், இரவில் கொஞ்சம் பாரஃபினும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம் வேண்டும். எக்ஸிமா குழந்தை இரவில் பலமுறை சொறிந்து எழும். அப்பாக்களே, பாட்டிமார்களே, அந்த நேரத்தில் பாதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பள்ளி வயதில் தணிந்துவிடும். அதுவரை தாய் ஒருத்தியால் மட்டும் இதைச் சுமக்க முடியாது.

தோலில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் கிருமி புகுந்திருக்கிறது, தாமதிக்க வேண்டாம். காய்ச்சலோடு, துளைத்த மாதிரி சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அது அவசரம், இரவானாலும் கிளம்புங்கள். மற்ற நாட்களில் திருப்பதி ரூயா மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, சித்தூர் அரசு மருத்துவமனைக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ, எது பக்கமோ அங்கே போங்கள். போகும்போது இதுவரை குழந்தைக்குப் பூசிய டியூப், எண்ணெய், பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பையைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்