பீலி நீரும் மகாவலியின் நலமும்

நாட்டின் மிக நீண்ட நதியான மகாவலி கங்கை மத்திய மலைநாட்டிலே பிறந்து, 335 கிலோமீற்றர் தூரம் பாய்ந்து, திருகோணமலை மாவட்டத்தின் கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. அணைகளையும் மின்னுற்பத்தியையும் கொண்டே இந்நதியை அளந்து பழகிவிட்டோம். ஆனால், அதன் நலம் பெரிதும் தீர்மானிக்கப்படுவது தேயிலை மலைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் இடையே ஓடிவரும் சிற்றோடைகளிலேயே ஆகும்.

அந்த ஓடை நீரே மலையகத்தின் பல லயன்களிற் பீலி நீராக விழுகின்றது. அதனையே மக்கள் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துகின்றனர். நுவரெலியாவின் செங்குத்தான சரிவுகளில் மரக்கறிச் செய்கைக்கு அளவுக்கு மிஞ்சி இடப்படும் பசளையும் பீடைகொல்லியும் மழையில் மண்ணோடு கரைந்து ஓடைகளை அடைகின்றன. கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1990களின் தொடக்கத்திலேயே நீலப்பச்சைப் பாசி பெருகியமை ஆய்வாளர்களாற் பதிவு செய்யப்பட்டது. மேலே ஓடையிற் சேர்ந்ததே கீழே நீர்த்தேக்கத்தில் பாசியாகின்றது என்பதை அன்றே உணர்ந்திருக்க வேண்டும்.

ஓடையின் நிலையை அறிய விலையுயர்ந்த கருவிகள் மட்டுமே வழியல்ல. நீர் மாதிரியொன்றின் இரசாயனப் பரிசோதனை அது எடுக்கப்பட்ட கணத்தின் நிலையையே கூறும். கற்களுக்கடியில் வாழும் பூச்சிக் குடம்பிகளோ பல வார காலத்துக் கதையைக் கூறவல்லவை. கரைந்த ஒட்சிசன் நிறைந்த தூய நீரில் மட்டுமே வாழும் குடம்பிகள் மறைந்து, சேற்றில் வாழும் செந்நிறப் புழுக்கள் பெருகுமாயின் அந்த ஓடை நோயுற்றது என்பது தெளிவு. உலகின் பல நாடுகள் இம்முறையைக் கொண்டே ஆறுகளைக் கண்காணிக்கின்றன. மலைநாட்டுப் பாடசாலை மாணவர்களுக்கும் இதனைப் பயிற்றுவிக்கலாம். மகாவலிக் கரையிலேயே அமைந்துள்ள பேராதனைப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் இதற்கு வழிகாட்ட முடியும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலைச்சரிவுகள் இடிந்து வீழ்ந்தன. மகாவலி பெருக்கெடுத்ததில் மூதூர்ப் பிரதேசமும் வெள்ளத்தில் மூழ்கியது. அத்தகைய பெருமழையை ஓடைக்கரை மரங்களால் மட்டும் தடுத்துவிட முடியாது. எனினும், கரையோர ஒதுக்கீட்டு நிலம் வெட்டி வெளியாக்கப்பட்ட இடங்களில் மண்ணரிப்புக் கடுமையாகும் என்பதில் ஐயமில்லை. மலையகத்தின் தோட்டத் தொழிலாளியும் மூதூர், கிண்ணியாவின் தமிழ், முஸ்லிம் விவசாயியும் மீனவரும் ஒரே நீரினாற் பிணைக்கப்பட்டவர்கள் என்பதனை அந்த வெள்ளம் நினைவூட்டிச் சென்றது.

1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டமும் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் நடைமுறையில் உள்ளன. சட்டங்களுக்குக் குறைவில்லை. அதேவேளை, திடீர்க் கட்டளைகளாலும் பயன் விளையாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, விவசாயிகள் நிலைகுலைந்த பின்னர் அதே ஆண்டிலேயே அத்தடை கைவிடப்பட்டதை நாம் மறக்கவில்லை. மண்ணைப் பரிசோதித்துத் தேவையான அளவு பசளையிடுவதற்கு விவசாயிக்குக் கைகொடுப்பதே பொருத்தமான வழியாகும்.

எனவே, மகாவலியின் தலையோடைகள் யாவும் ஒழுங்காகக் கண்காணிக்கப்பட வேண்டும். ஓடைக்கரை ஒதுக்கீடுகள் அளந்து எல்லையிடப்பட்டு, அங்கு மீண்டும் மரங்கள் நடப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வு முடிவுகள் அந்நீரைக் குடிப்பவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கப்பட வேண்டும். தன் பிள்ளைக்குக் கொடுக்கும் பீலி நீர் நல்லதா என்று தோட்டத்துத் தாயொருத்தி கேட்டால் விடை கூறுவது அரசின் கடமை. அந்த விடை ஆய்வேடுகளுக்குள் மட்டும் அடங்கிவிடலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.