வலையில் வந்த "குப்பை"



நேற்று அஸருக்குப் பிறகு கொட்டியாரக் குடாக் கரையில் கரைவலை இழுத்தார்கள். மீனோடு செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டியும் வந்தது. "குப்பை, சேர்" என்று என் மாணவன் ஒருவன் அதை மணலில் எறிந்தான். வாப்பாவுக்கு உதவியாக வந்த பிள்ளை. அவனில் பிழையில்லை, அதை நான் வகுப்பில் காட்டியதே இல்லை.

அது கடற்பஞ்சு. செடியல்ல, பாசியல்ல, ஒரு விலங்கு. வாய், வயிறு, இதயம், மூளை எதுவும் அதற்கு இல்லை. உடம்பெல்லாம் நுண்துளைகள். உள்ளே இருக்கும் கலங்கள் சின்னச் சவுக்குகளை ஆட்டி நீரை இழுக்கின்றன. பக்றீரியா போன்ற நுண்ணுயிர்களைப் பிடித்து உண்கின்றன. வடிந்த நீர் பெரிய துவாரத்தால் வெளியேறும். ஒரே நாளில் தன் உடம்பைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு நீரை வடிக்கும் இனங்களும் உண்டு.

1907இல் வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் உயிருள்ள கடற்பஞ்சைத் துணியில் வைத்துப் பிழிந்தார். பிரிந்த கலங்கள் கடல்நீரில் தாமாகவே ஒன்றுகூடி மீண்டும் கடற்பஞ்சாகின. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைற்றரபின் மருந்துக்கு வழிகாட்டியதும் கரீபியன் கடலின் ஒரு கடற்பஞ்சுதான்.

இவ்வளவு வல்லமை இருந்தும் வெயில் மணலில் அது பிழைக்காது. சேறு மூடினால் துளைகள் அடைபடும். டைனமைற் வெடித்தால் ஓடித் தப்ப அதற்குக் காலில்லை. ஒட்டியிருக்கும் பாரோடு சேர்ந்து சிதறும்.

"வயிற்றுப்பாட்டுக்குத்தானே சேர்" என்று சிலர் சொல்வது எனக்குத் தெரியும். நானும் கடல் சோறு தின்று வளர்ந்தவன்தான். ஆனால் வெடி போடுகிறவருக்குக் கிடைப்பது ஒரு நாள் மீன். உடைவதோ நாளைக்கு மீன் குஞ்சுகள் ஒதுங்க வேண்டிய பார். அந்த நட்டம் வலை இழுக்கும் ஏழைக்குத்தான். வெடி போடுகிறவர் யாரென்று தெரிந்தும் சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று நாம் வாய்மூடி இருப்பது சரியில்லை.

நம் துறைமுகத்தின் ஆழத்தை உலகமே பேசுகிறது. அந்த ஆழத்தில் என்ன வாழ்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது வெட்கம்.

கரைவலைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: வலையில் கடற்பஞ்சு வந்தால் ஈரம் காயுமுன் கடலிலேயே போட்டுவிடுங்கள். என் பங்குக்கு, அடுத்த விஞ்ஞான பாடத்தைக் கரையில்தான் நடத்தப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். பெற்றோரும் வாருங்கள்.