வராந்தாவில் காத்திருந்த தாய்

நீண்ட விடுமுறை தொடங்கும் வாரத்தில் பினாங்கு விமான நிலையத்திற்குப் போனால், ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர் கூட்டம் ஒன்றைக் கட்டாயம் காணலாம். சட்டையின் முதுகில் ஊர்ப்பெயரும் ஆண்டும் ஒரு வேதவசனமும் அச்சிட்டிருக்கும். பெட்டிகளில் பாதிதான் துணிமணி. மீதியெல்லாம் மைலோ, பென்சில், வண்ணத் தாள், பலூன். எங்கேயோ ஓர் அண்டை நாட்டில் உள்ள அனாதை இல்லத்திற்கு ‘மிஷன் ட்ரிப்’ புறப்படுகிறார்கள் என்று பொருள். 2023-இல் அந்தச் சட்டையை நானும் அணிந்தேன். இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

நாங்கள் போனது சுமத்ராவுக்கு. பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ போவதற்குள் அங்கே போய் இறங்கிவிடலாம். பதினெட்டுப் பேர், ஆளுக்கு 1,200 ரிங்கிட், ஐந்து நாள். பணத்திற்காக ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாசி லெமாக் விற்றோம், சபையாரின் கார்களைக் கழுவினோம். மேடானிலிருந்து மலைப்பக்கமாக மூன்று மணி நேரப் பயணத்தில், ஏறக்குறைய அறுபது பிள்ளைகள் இருந்த ஓர் இல்லம். நம் மலாய் மொழி அங்கே ஓரளவுக்கு எடுபட்டது. நாங்கள் பேசிய மலாயைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே பாதி நட்பு ஏற்பட்டுவிட்டது.

பாட்டு, குறுநாடகம், பலூன், முகத்தில் வண்ணம் தீட்டுதல் என்று நேரம் போனதே தெரியவில்லை. ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி இரண்டாம் நாள் என் கையைப் பிடித்தவள் பிறகு விடவேயில்லை. ‘பார்த்தாயா, அன்புக்கு எப்படி ஏங்குகிறார்கள்!’ என்று எங்களுக்குள் நெகிழ்ந்துகொண்டோம். வந்த அன்றே முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்து விடாமலிருக்கும் பிள்ளை, அன்பாக இருக்கும் பிள்ளை அல்ல. அடிக்கடி கைவிடப்பட்ட பிள்ளை என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் பெரிய நிகழ்ச்சி. மண்டபத்தின் கதவருகே நிற்பது என் வேலை. இரண்டு மணி வாக்கில் ஒரு பெண் வந்தார். தலையில் துணி கட்டியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மார்க்கிசா பழம். ஏதோ கேட்டார், எனக்குச் சரியாகப் புரியவில்லை. நிகழ்ச்சி பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் என்று நினைத்து, “செகெஜாப், இபு” என்று வராந்தா பெஞ்சைக் காட்டினேன். அவர் உட்கார்ந்தார். மண்டபத்திற்குள் நாங்கள் நல்ல சமாரியன் நாடகம் நடத்தினோம். அடிபட்டுக் கிடந்தவனாக நடித்த தம்பிக்குப் பலத்த கைதட்டல். நிகழ்ச்சி முடிய நான்கு மணி ஆகிவிட்டது.

கதவைத் திறந்ததும் அந்தச் சிறுமி என் கையை உதறிவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். அந்தப் பெண் அவளுடைய தாய்.

மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாராம். கணவர் இறந்துவிட்டார். பிறர் நிலத்தில் முட்டைக்கோசு பயிரிடும் வேலை. கிராமத்தில் மேல்வகுப்பு படிக்க வழியில்லை, மூத்த மகன் போல இவளும் படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதற்காக இங்கே சேர்த்திருக்கிறார். கடைசி வண்டி நாலரைக்கு. மகளோடு இருக்க அவருக்குக் கிடைத்தது பத்து, பதினைந்து நிமிடம். போகும்போது எனக்கும் இரண்டு பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு இல்லத்தின் பொறுப்பாளர் அம்மாவிடம் விசாரித்தேன். யாருமே இல்லாத பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார், அதில் என்ன ஆச்சரியம் என்பதுபோல. அவர் எதையும் எங்களிடம் மறைக்கவில்லை. நாங்கள்தான் கேட்கவில்லை.

அந்த ஓர் இல்லத்தின் கதை மட்டுமல்ல இது. இந்தோனேசிய சமூக நல அமைச்சும் சேவ் தி சில்ட்ரன் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து ஆறு மாநிலங்களில் 37 இல்லங்களை ஆராய்ந்து 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் கிட்டத்தட்ட 90 விழுக்காட்டினருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். பாதிக்கு மேற்பட்டோருக்கு இருவருமே இருந்தார்கள். இருவரையும் இழந்தவர்கள் 6 விழுக்காடு மட்டுமே. பெரும்பாலோர் அங்கே வந்ததற்குக் காரணம் படிப்பு. அனாதை இல்லம் என்று பலகை மாட்டியிருந்தாலும், நடைமுறையில் அது ஏழைகளின் பள்ளி விடுதி.

தமிழ் மன்றத்தின் இதழில் எழுதுவதால் சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். ‘அனாதை’ என்பது வடசொல் வழி வந்தது. நாதன், அதாவது காப்பவன், இல்லாதவர் என்பது பொருள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் பிள்ளைக்கு உலகத்தில் ஒருவருமே கிடையாது. நாம் அன்றாடம் காணும் ‘ரூமா அனாக் யாத்திம்’ பலகையில் உள்ள சொல்லோ வேறு. ‘யாத்திம்’ என்றால் அரபு வழக்கில் தகப்பனை இழந்த பிள்ளை. தாயையும் இழந்திருந்தால் இந்தோனேசியர் ‘யாத்திம் பியாத்து’ என்பார்கள். அரபுக்கு உறவு மொழியான எபிரேயத்தில், வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் வருவதும் இதன் உடன்பிறப்புச் சொல்லான ‘யாத்தோம்’தான். பெரும்பாலும் தகப்பனற்ற பிள்ளை என்றே அதற்குப் பொருள். அதனால்தான் அங்கே அந்தப் பிள்ளையும் விதவையும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருகிறார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் அல்லவா! திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் துன்பத்தில் விசாரிப்பதுதான் மாசற்ற பக்தி என்று யாக்கோபு எழுதியதும் அதே வழக்கில்தான். எங்கள் சட்டையின் முதுகில் இருந்ததும் அந்த வசனமேதான். இடம் போதவில்லை என்று அச்சடித்தவர் பிற்பாதியை விட்டுவிட்டார். பிள்ளை இருந்தது; விதவை இல்லை. யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

இல்லங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1852-இல் குழந்தை இயேசு சபைக் கன்னியர் பினாங்கிற்கு வந்து பெற்றோரற்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டபோது வேறு வழி எதுவும் இருந்திருக்காது. வீட்டிலேயே கொடுமைக்குள்ளாகும் பிள்ளைக்கு இன்றும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். என் கேள்வி நம்மைப் பற்றியது. நாம் பணத்தோடும் பலூனோடும் போய் இறங்குவதால் அங்கே என்ன நடக்கிறது?

கம்போடியாவில் நடந்ததைப் பாருங்கள். 2005-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே பிள்ளைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்த ஐந்தாண்டில் பெரிய போர் எதுவும் இல்லை. கூடியது சுற்றுப்பயணிகளும் தொண்டூழியர்களும்தான். பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தந்தையோ இருந்தார்கள். பார்க்க வருபவர் இருந்தால் இல்லம் பெருகும், இல்லம் பெருகினால் பிள்ளை தேவைப்படும். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் இயற்றியபோது இந்த ‘அனாதை இல்லக் கடத்தல்’ அதன் விவாதத்தில் முக்கிய இடம் பெற்றது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இத்தகைய தொண்டூழியத்தின் தீங்கைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

நல்ல எடுத்துக்காட்டும் நம்மிடமே உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பினாங்கு மறக்கவில்லை. இங்கே மட்டும் 52 பேரை இழந்தோம். இலங்கையின் கிழக்குக் கரையிலும் வடகரையிலும் ஏற்பட்ட இழப்போ கணக்கில் அடங்காது. பிள்ளைகளை அழைத்துப்போக உலகெங்கிலுமிருந்து நல்ல மனத்தோடு ஆட்கள் வந்தார்கள். இலங்கை அரசு தத்துக் கொடுப்பதை நிறுத்திவைத்தது. 2005-இல் இதற்கெனச் சிறப்புச் சட்டம் இயற்றி, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையைப் பொறுப்பாளராக்கி, வளர்ப்புக் குடும்பங்களுக்கு வழி செய்தது. இரண்டு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அம்மம்மா வீட்டிலும் சித்தி வீட்டிலும் மாமா வீட்டிலும் வளர்ந்தார்கள். குறைகள் இருந்திருக்கும். ஆனாலும் உறவு என்ற ஒன்று இருப்பதை அந்தச் சட்டம் பார்த்தது.

இது கிறிஸ்தவ இளைஞர்களின் குறை மட்டும்தானா? தீபாவளிக்கு முந்தைய வாரம் இங்குள்ள ஏதாவது ஓர் இல்லத்திற்குப் போய்ப் பாருங்கள். பல்கலைக்கழகக் கழகம், வங்கி ஊழியர், பழைய மாணவர் என்று வரிசையாக வருவார்கள். ஒரே நாளில் பிள்ளைகள் இரண்டு முறை பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்றாவது குழுவோடு படத்துக்கு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் பள்ளிப் பாடம் சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டால் ஆள் கிடைக்காது. வாரம் ஒரு மாலை, ஓர் ஆண்டு முழுவதும், அதே பிள்ளைக்கு அதே கணக்குப் பாடம் என்று போகிற சிலரும் நம்மிடையே உண்டு. அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

பினாங்கு திரும்பியதும் வாலிபர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அடுத்த முறை யாரும் போக வேண்டாம், 21,600 ரிங்கிட்டை அப்படியே அனுப்புவோம், தாய்மாரின் பஸ் கட்டணத்துக்கும், கிராமத்திலிருந்தே பள்ளிக்குப் போய்வரக்கூடிய பிள்ளைகளின் செலவுக்கும் கொடுக்கச் சொல்லுவோம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் அக்கா கேட்டார்: “தம்பி, நீ போய் வந்ததால்தானே இதையெல்லாம் பேசுகிறாய்? போகாமலிருந்தால் அந்த அம்மாவை உனக்குத் தெரிந்திருக்குமா? நம் பிள்ளைகள் காசை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் யார் மனம் மாறும்?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அந்தப் பயணம் என்னை மாற்றியது. அப்படியானால் அதை எங்களுக்கான பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போவோம், பிள்ளைகளுக்கான சேவை என்று சொல்லாமல். பயிற்சிக்கு என்று போகிறவன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள மாட்டான். கூரை பழுதுபார்ப்பான், சமையலறையில் காய் நறுக்குவான், பொறுப்பாளர் அம்மா சொல்வதைக் கேட்டுக்கொள்வான். இதையும் சொன்னேன். கூட்டம் அத்தோடு கலைந்தது. குழு மறுபடியும் போனது. என் பங்கு 1,200 ரிங்கிட்டைப் பஸ் கட்டணத்துக்கு என்று குறித்து அவர்களிடமே கொடுத்தனுப்பினேன். இப்போது அங்கே வரும் தாய்மாருக்கு அதிலிருந்து கொடுப்பதாக அந்த அம்மா செய்தி அனுப்பினார்.

இந்த ஆண்டுப் பயணத்திற்கான படிவம் போன வாரம் வந்தது. பெயரை எழுதவில்லை. அடியில் ‘நிகழ்ச்சி பற்றிய கருத்து’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஞாயிறு பிற்பகலில் எந்த நிகழ்ச்சியும் வைக்க வேண்டாம், அன்று வீட்டார் வருவார்கள், மண்டபத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.